வேறு கணினிக்கு மாறும்போது லைசென்ஸும் ப்ராடக்ட் கீயும் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பழைய கணினியை ஃபார்மேட் செய்து முடித்த பிறகுதான் பலருக்கும் ப்ராடக்ட் கீ நினைவுக்கு வரும். அதற்குள் பாதி வழி அடைபட்டிருக்கும். லைசென்ஸ் மாற்றும் வேலையில் முக்கால்வாசி, பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டியது. அதனால் இந்த விளக்கமும் பழைய கணினியிலிருந்தே தொடங்குகிறது. முதலில் விண்டோஸ் 10, 11, பிறகு ஆஃபீஸ், கடைசியில் மற்ற மென்பொருள்கள்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். இங்கே எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறோம், அப்படியே தட்டினால் போதும்.

ஆக்டிவேட் செய்யும்போது என்ன நடக்கிறது?

கீயைத் தட்டியதும் விண்டோஸ் உங்கள் மதர்போர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவற்றின் அடையாளங்களைச் சேர்த்து, கைரேகை மாதிரி ஓர் எண்ணை உருவாக்குகிறது. கீயும் அந்த எண்ணும் மைக்ரோசாஃப்ட் சர்வருக்குப் போய், ‘இந்தக் கீ இந்தக் கணினிக்கு’ என்று பதிவாகின்றன. உங்கள் உரிமை இருப்பது அந்தப் பதிவில். எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் விண்டோஸ் பூட் ஆகியும் ‘ஆக்டிவேட் ஆகவில்லை’ என்று அடம்பிடிப்பது இதனால்தான். ராம் கூட்டினாலோ கிராஃபிக்ஸ் கார்டு மாற்றினாலோ பொதுவாக ஒன்றும் ஆகாது. மதர்போர்டு மாறினால் மட்டும் விண்டோஸ் அதைப் புதுக் கணினியாகவே எடுத்துக்கொள்ளும்.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த வகை லைசென்ஸ்?

ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்ற ஐந்து எழுத்தைச் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முன்பக்கம் சாய்ந்த கோடு, அதை ஒட்டி டி-எல்-ஐ (டெல்லியில் வரும் டி). என்டர் அழுத்திச் சில வினாடி கழித்து ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் இரண்டு வரிகள் முக்கியம்: டிஸ்கிரிப்ஷன் வரியில் சேனலின் (லைசென்ஸ் எந்த வழியில் விற்கப்பட்டது என்பதன்) பெயர், பார்ஷியல் ப்ராடக்ட் கீ வரியில் கீயின் கடைசி ஐந்து எழுத்து. இந்தப் பெட்டியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓஇஎம் என்று இருந்தால் அது கணினியோடு சேர்ந்து வந்த லைசென்ஸ். விண்டோஸ் 8 காலத்திலிருந்து தயாரிப்பாளர்கள் கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளிலேயே) எழுதிவிடுகிறார்கள். இது அந்தக் கணினியோடு பிறந்து அதோடே முடியும். வேறு கணினிக்கு மாற்ற உரிமை இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் நாள் முழுக்க முட்டிமோதுவது மிச்சம்.

ரீடெய்ல் என்றால் தனியாக வாங்கியது. பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போடலாம், ஒரு நேரத்தில் ஒரே கணினி.

வால்யூம் என்றால் நிறுவனங்களுக்கானது. அதிலும் கேஎம்எஸ் கிளையன்ட் என்று இருந்தால், 180 நாளுக்குள் அலுவலக சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் இப்படிக் காட்டினால், யாரோ குறுக்கு வழியில் ஆக்டிவேட் செய்து கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். மாற்றுவதற்கு அங்கே உங்களுடையது என்று எதுவும் இல்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ரீடெய்ல் என்று காட்டியும் கடைசி ஐந்து எழுத்து 3வி66டி (ப்ரோ) அல்லது 8எச்விஎக்ஸ்7 (ஹோம்) என்று இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். இவை உலகம் முழுக்க எல்லாருக்கும் ஒன்றே போல வரும் பொதுக் கீகள். விண்டோஸ் 7 அல்லது 8-லிருந்து மேம்படுத்திய கணினிகளில், டிஜிட்டல் லைசென்ஸ் (கீ இல்லாமல் சர்வர் பதிவிலேயே இருக்கும் உரிமை) உள்ள இடத்தை நிரப்ப இவை உட்காரும். கீ கண்டுபிடித்துத் தரும் இலவச மென்பொருள்கள் இந்த எழுத்துகளைத்தான் பெருமையாகக் காட்டும்; அதை எழுதி வைத்துக்கொண்டு புதுக் கணினியில் போட்டால் விண்டோஸின் பதிப்பு வேண்டுமானால் மாறும், ஆக்டிவேட் ஆகாது.

படி 2: உண்மையான கீயைக் கண்டுபிடியுங்கள்

தேட வேண்டிய இடங்கள்: வாங்கிய பெட்டிக்குள் இருக்கும் அட்டை, ஆன்லைனில் வாங்கியிருந்தால் உறுதிப்படுத்தி வந்த மின்னஞ்சல், மைக்ரோசாஃப்ட் கணக்கின் ஆர்டர் வரலாறு. கிடைத்த கீயின் கடைசி ஐந்து எழுத்தும் படி 1-இல் எடுத்த படமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். போனால் சரியான கீ அதுதான்.

மூன்று எண்களை மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ப்ராடக்ட் கீ என்பது ஐந்து ஐந்தாக 25 எழுத்து. செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தில் தெரியும் ப்ராடக்ட் ஐடி நாலு கூறாக 20 எழுத்து. அதை வைத்து எதையும் ஆக்டிவேட் செய்ய முடியாது. 48 இலக்கமாக நீண்டு கிடப்பது பிட்லாக்கர் மீட்புக் கீ, டிஸ்க்கின் பூட்டைத் திறக்க மட்டும். மதர்போர்டு மாற்றப்போகிறீர்கள் என்றால் இந்தக் கடைசி எண்ணைத்தான் முதலில் எழுதி வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் லைசென்ஸைப் பற்றிக் கவலைப்படும் நிலைக்கே வர மாட்டீர்கள், உங்கள் கோப்புகளே திறக்காது.

அட்டையில் அச்சு மங்கியிருந்தால் ஒரு தந்திரம் உதவும். விண்டோஸ் கீகளில் 0, 1, 5 ஆகிய இலக்கங்கள் வராது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகிய உயிரெழுத்துகளும் எல், எஸ், இசட் ஆகியவையும் வராது. ஆக, வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யமோ ஓவோ இல்லை. க்யூவாகவோ டியாகவோ ஜியாகவோ இருக்கும். 5 போலத் தெரிவது 6 அல்லது 8. உண்மையில் தடுமாற வைப்பவை இரண்டு ஜோடிகள்: பியும் 8-உம், ஜியும் 6-உம். இவற்றை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

படி 3: பழைய கணினியில் விடுவித்தல்

முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் பக்கம் போங்கள் (விண்டோஸ் 10-இல் அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கும்). டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருப்பதாக எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே கணக்கைச் சேர்த்துவிடுங்கள். 2016-இல் வந்த 1607 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. அப்படியே கணினிக்கு அடையாளம் தெரியும்படி ஒரு பெயர் வையுங்கள். பிறகு பட்டியலில் தேடும்போது டெஸ்க்டாப் என்று தொடங்கும் அர்த்தமில்லாத பெயர்கள் நாலைந்து வரிசையாக நின்றால் எது எதென்று தெரியாது.

ரீடெய்ல் கீ கையில் இருக்கிறது, புதுக் கணினிக்குப் போகிறது என்றால் மட்டும் அடுத்தது. அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அதே ஐந்து எழுத்து, இடைவெளி, சாய்கோடு, யூ-பி-கே (பி என்பது ப்ராடக்டின் முதல் எழுத்து, இனி வரும் கட்டளைகளிலும் அதே). இது கீயை நீக்கும். மறுபடி அதே ஐந்து எழுத்தோடு சாய்கோடு, சி-பி-கே-ஒய். இது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) மிச்சமிருக்கும் கீயின் தடத்தைத் துடைக்கும்.

கீயை நீக்கினால் மைக்ரோசாஃப்ட் சர்வருக்குத் தகவல் போய்விடும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். போகாது. இந்தக் கட்டளை உங்கள் கணினிக்குள் மட்டும் வேலை செய்கிறது. ஆனாலும் செய்யுங்கள்: ஒரே கீ இரண்டு கணினியில் ஓடுவதைத் தவிர்க்கிறது, பழைய கணினியை வாங்குபவர் கைக்கு உங்கள் கீ போகாமலும் காக்கிறது.

படி 4: புதுக் கணினியில்

கீயைத் தொடுவதற்கு முன் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோன கணினிகளில் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் ஒத்துப்போகாமல் சர்வர் இணைப்பே அறுந்துவிடும். திரையில் வரும் பிழையோ கடிகாரத்தைப் பற்றி மூச்சே விடாது.

அடுத்தது பதிப்பு. ப்ரோ கீ ஹோமில் நேராக ஏறாமல் மல்லுக்கட்டும் இடம் இது. ஹோம் கீ ஃபர்ம்வேரில் எழுதப்பட்ட லேப்டாப்பில் விண்டோஸை நிறுவினால், இன்ஸ்டாலர் எதையும் கேட்காமல் ஹோமையே போட்டுவிடும். வழி இது:

1. இணையத்தைத் துண்டியுங்கள்.
2. ஆக்டிவேஷன் பக்கத்தில் சேஞ்ச் ப்ராடக்ட் கீ அழுத்தி, மேலே சொன்ன 3வி66டி-யில் முடியும் ப்ரோ பொதுக் கீயைப் போடுங்கள்.
3. கணினி மறுதொடக்கமாகி ப்ரோவாக மாறும்.
4. இணையத்தை இணைத்து, இப்போது உங்கள் சொந்தக் கீயைப் போடுங்கள்.

பதிப்பு சரியாக இருந்தால் நேரே நாலாவது வரிதான். திரையில் போட்டு நகராவிட்டால் கட்டளையில் முயலலாம்: அதே ஐந்து எழுத்து, இடைவெளி, சாய்கோடு, ஐ-பி-கே, இடைவெளி, கோடுகளோடு முழுக் கீ. பிறகு அதே ஐந்து எழுத்து, இடைவெளி, சாய்கோடு, ஏ-டி-ஓ (டைகரில் வரும் டி). கடைசியில் அதே ஐந்து எழுத்து, இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்-பி-ஆர். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகிவிட்டதா என்று இது ஒரே வரியில் சொல்லும்.

மதர்போர்டை மட்டும் மாற்றியவர்கள் கீ தேடி அலைய வேண்டாம். ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட் அழுத்தி, ‘சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்’ என்ற வரியைத் தேர்ந்து, கணக்கில் நுழையுங்கள். பட்டியலில் நீங்கள் பெயர் வைத்த கணினியைத் தேர்ந்தெடுத்து, ‘இப்போது பயன்படுத்துவது இதுதான்’ என்ற பெட்டியை டிக் செய்து ஆக்டிவேட் கொடுங்கள். ஓஇஎம் லைசென்ஸுக்கு இது கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

படி 5: பிழை எண் வந்தால்

எண்களின் தொடக்கத்தில் இருக்கும் பூஜ்யம், எக்ஸ் இரண்டையும் விட்டு எழுதியிருக்கிறோம்.

சி004சி008: கீ சரி, ஆனால் வேறு கணினியில் பதிவாகியிருக்கிறது. பழையதில் நீக்கிவிட்டு ட்ரபிள்ஷூட் முயலுங்கள். நகராவிட்டால் கெட் ஹெல்ப் மூலம் மைக்ரோசாஃப்ட் உதவியாளரிடம் பேசி, பழைய கணினியில் நீக்கிவிட்டதைச் சொல்லுங்கள்.

சி004சி003: கீ தடைசெய்யப்பட்டது, அல்லது இந்தக் கணினிக்கு டிஜிட்டல் லைசென்ஸ் இல்லை. மிக மலிவாக விற்கும் கீகள் பலவும் கடைசியில் வந்து நிற்கும் எண் இது. நிறுவனங்களுக்குக் கொடுத்த வால்யூம் கீயைத் துண்டு போட்டு விற்பவர்கள் உண்டு. ஒரு கட்டத்தில் எண்ணிக்கை தாண்டி சி004சி020 வரும், அல்லது கீயே முடக்கப்படும். விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

சி004எஃப்050: தட்டச்சுப் பிழை, அல்லது வேறு பதிப்பின் கீ. பழைய விண்டோஸ் 7, 8 கீகளைப் போட்டாலும் வரலாம். அவற்றை வைத்து இலவசமாக மேம்படுத்தும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது.

சி004எஃப்211: வன்பொருள் மாறியிருக்கிறது. ட்ரபிள்ஷூட்.

சி004எஃப்074: கேஎம்எஸ் சர்வரைத் தொட முடியவில்லை. அலுவலகக் கணினி என்றால் விபிஎன்னில் இணைந்து மறுபடி முயலுங்கள்.

ஆஃபீஸ்

இங்கே கீயை மறந்துவிடலாம். இப்போதைய ஆஃபீஸில் 25 எழுத்துக் கீ ஒரே ஒருமுறைதான் வேலை செய்யும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஆஃபீஸைச் சேர்க்க. அதன் பிறகு கணக்குதான் கீ. கணினிக்குள் தேடிப் பார்த்தால் கடைசி ஐந்து எழுத்துதான் கிடைக்கும், அதுவும் உங்கள் அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போகாது. எந்த மின்னஞ்சல் முகவரியில் சேர்த்தீர்கள் என்பதை நினைவுபடுத்துவதுதான் நிஜமான வேலை.

ஒருமுறை வாங்கும் ஆஃபீஸைப் பழைய கணினியில் அன்இன்ஸ்டால் செய்து, புதியதில் கணக்கில் நுழைந்து, அங்கிருந்தே இறக்கி நிறுவுங்கள். இன்னொரு கணினிக்கு மாற்றுவது 90 நாளுக்கு ஒருமுறைதான். கணினியோடு சேர்ந்து வந்த ஆஃபீஸுக்கு மாற்றும் உரிமை கிடையாது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா என்றால் தலைவலியே இல்லை. ஒருவர் ஒரே நேரத்தில் 5 கருவிகளில் நுழைந்திருக்கலாம்.

புது லேப்டாப்பில் ஏற்கெனவே 365 சோதனைப் பதிப்பு உட்கார்ந்திருக்கும். அதன் மேலேயே ஆஃபீஸ் 2021-ஐ நிறுவினால் இரண்டு லைசென்ஸும் மோதி, ‘சோதனைக் காலம் முடிகிறது’ என்று மிரட்டிக்கொண்டே இருக்கும். சோதனைப் பதிப்பை முதலில் நீக்கி, மறுதொடக்கம் செய்து, பிறகு உங்களுடையதை நிறுவுங்கள்.

மற்ற மென்பொருள்கள்

கணக்கு வழியில் இயங்கும் மென்பொருள்களில் பழைய கணினியில் சைன் அவுட் கொடுத்தாலே இடம் காலியாகிவிடும். அடோபி கிரியேட்டிவ் கிளவுட் இரண்டு கணினிகளை அனுமதிக்கும். மூன்றாவதில் நுழைந்தால் எதிலிருந்து வெளியேறுவது என்று அதுவே கேட்கும். டீஆக்டிவேட் என்று தனிப் பொத்தான் உள்ள மென்பொருள்களில், அன்இன்ஸ்டால் செய்வதற்கு முன், இணையம் இருக்கும்போதே அதை அழுத்த வேண்டும். இவற்றில் தகவல் உண்மையிலேயே சர்வருக்குப் போகிறது.

பொறியியல் மென்பொருள்களில் லைசென்ஸ் ஒரு சின்னக் கோப்பாக வரும். அதற்குள் நெட்வொர்க் கார்டின் 12 இலக்க முகவரி எழுதப்பட்டிருக்கும். கோப்பைத் திறந்து அந்த எண்ணை மட்டும் மாற்றிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். ஒரு எழுத்து மாறினாலும் டிஜிட்டல் கையொப்பம் உடைந்து கோப்பு செல்லாமல் போகும். புதுக் கணினியில் ஜி-இ-டி-எம்-ஏ-சி (கெட்மேக்) என்ற கட்டளையைக் கொடுத்து, வரும் முகவரியை விற்பனையாளருக்கு அனுப்பி, ரீஹோஸ்ட் செய்து (லைசென்ஸைப் புது முகவரிக்கு மாற்றி எழுதி) தரச் சொல்லுங்கள். கணினியிலேயே பதிந்த ஈதர்நெட் முகவரியைக் கொடுப்பது நல்லது. வைஃபை முகவரி கொடுத்தால், விண்டோஸில் ரேண்டம் முகவரி வசதி இயங்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள்; இயங்கினால் அடுத்த முறை எண் மாறி லைசென்ஸ் படுத்துவிடும்.

பழைய கணினி ஏற்கெனவே செத்துவிட்டதா?

டீஆக்டிவேட் செய்ய வழியில்லை, ஆனால் கதை முடியவில்லை. வாங்கிய ரசீது, ஆர்டர் எண், பதிவுசெய்த மின்னஞ்சல் முகவரி, கீயின் கடைசி ஐந்து எழுத்து, திரையில் வந்த பிழையின் படம் ஆகிய ஐந்தையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்து உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். பழைய கணினி இயங்கவில்லை, அதில் இனி இந்த மென்பொருளைப் பயன்படுத்தப் போவதில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். முழுக் கீயை அவர்கள் கேட்டால் மட்டும் கொடுங்கள். பொதுவெளியில் உதவி கேட்டுப் போடும் படத்தில் அது தெரிந்துவிட்டால், அடுத்த சி004சி008 பிழை உங்கள் கணினியில்தான் வரும்.