அம்புஹிமாங்கா அரண்மனை: உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் சிரமம்

மடகாஸ்கர் தலைநகர் அன்டனானரிவோவிலிருந்து வடகிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் அம்புஹிமாங்கா. நீல மலை என்று பொருள். 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பழைய அரண்மனை என்று நினைத்துத்தான் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, கிட்டத்தட்ட கோயில்.

1. போய்ச் சேர்வது

டாக்ஸி-பே எனப்படும் வேன்கள் போகின்றன; மலிவு, நெரிசல். என் ஓட்டு வாடகைக் காருக்குத்தான். காத்திருப்புக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு ஏறுங்கள். 1,400 மீட்டருக்கு மேல் உயரம். ஜூன், ஜூலையில் ஸ்வெட்டர் வேண்டும். சில்லறை நோட்டுகளும் தேவைப்படும்.

2. விரலை மடக்குங்கள்

மதில் வாசலில் ஆளுயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான வட்டக்கல் ஒன்று நிற்கும். அந்தக் காலத்தில் அதை உருட்டித்தான் வாசலை அடைப்பார்களாம். மதில் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்திருக்கிறது என்பார்கள். ஆச்சரியத்தில் விரல் நீட்டிக் காட்டத் தோன்றும். கூடாது. இங்கே விலக்கப்பட்டவற்றுக்கு 'ஃபாடி' என்று பெயர். விரலை மடக்கிக் காட்டலாம், அல்லது உள்ளங்கையால். 'மன்னிக்கவும்' என்பதற்கு இந்த ஊர் மொழியான மலகாசியில் 'அசஃபாடி' என்பார்கள். 'எனக்கு இது ஃபாடி ஆகாமல் இருக்கட்டும்' என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லோடு நாள் முழுக்க ஓட்டினேன்.

3. வலது கால்

இங்கே வாழ்ந்த ராஜாவின் பெயர் ஆண்ட்ரியானம்போயினிமெரினா. 1787-இல் பட்டத்துக்கு வந்து, 1810-இல் இறந்தார். அவருடைய வீடு ஒரே அறைதான், கருத்த மரச்சுவர். நடுத்தூண் ஒரே மரத்தில் செதுக்கியது, சுமார் 10 மீட்டர். விருந்தாளி வந்தால் ராஜா மேலே ஏறி ஒளிந்துகொண்டு, ஆள் சரியா என்று மனைவிக்குக் கூழாங்கல்லைப் போட்டுச் சைகை காட்டுவார் என்று ஒரு கதை உண்டு.

வலது காலை எடுத்து வைத்து நுழைய வேண்டும். நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்னோருக்கு உரிய மூலை வடகிழக்கு. ராஜாவின் உயரமான கட்டிலும் அங்கேதான். ஈசானிய மூலை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு போனை எடுங்கள்.

4. வெளியே வருவது

இங்கேதான் நான் மாட்டினேன். ராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாது. அவர் இன்னும் உள்ளே இருப்பதுபோல, பின்பக்கமாகவே அடியெடுத்து வெளியே வர வேண்டும். தெரிந்துதான் இருந்தது. ஆனால் நுழையும்போது தாண்டிய நிலைப்படியை மறந்துவிட்டேன். குதிகால் அதில் இடித்தது, செருப்பு கழன்றது, முதுகுப்பை நிலையில் மாட்டிக்கொண்டது. வழிகாட்டி தோளைப் பிடிக்காவிட்டால் மல்லாக்க விழுந்திருப்பேன்.

அதனால்:

- உள்ளே நுழைந்ததும் படியின் உயரத்தை ஒருமுறை பார்த்து வையுங்கள்.
- முதுகுப்பை வேண்டாம். தோளில் முன்பக்கம் தொங்கும் சின்னப் பை போதும்.
- குதிகாலில் வார் உள்ள செருப்பு. ஹவாய் செருப்பைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.
- கடைசி ஆளாக வெளியேறுங்கள். இரண்டு பேர் சேர்ந்து பின்வாங்கினால் முட்டிக்கொள்வீர்கள்.

வெளியே தேனும் மிட்டாயும் ரம்மும் வைத்து அரச முன்னோரிடம் வேண்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்ப்பீர்கள். சற்று தள்ளி நில்லுங்கள், அவ்வளவுதான். இங்கே அடக்கம் செய்திருந்த அரச உடல்களை 1897-இல் பிரெஞ்சுக்காரர்கள் தலைநகருக்குத் தூக்கிப் போனார்கள். அதற்காக வேண்டுதல் நின்றுவிடவில்லை.

பின்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் ஒருவர், பையில் ஹாம் சாண்ட்விச் இருந்ததால் வழிகாட்டி சங்கடப்பட்டார் என்று எழுதியிருக்கிறார். ஆமாம், பன்றிக்கறி அங்கே ஃபாடி. நான் தயிர்சாதக் கட்சி என்பதால் எழுத மறந்தேன். சாப்பாட்டை ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று: குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது எப்படி என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் முதலில் வெளியே வந்து நின்று, உங்கள் முதுகுக்குப் பின்னால் கை வைத்து "படி, படி" என்று சொல்லச் சொல்லுங்கள்.