கோபோ ரீடரின் டேட்டாபேஸ் கெட்டுப்போனால்

கோபோ மின்நூல் கருவியைக் கேபிளில் கணினியோடு மாட்டியதும், மின்நூல்களை நிர்வகிக்கும் மென்பொருளான கேலிபர் 'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு' (டேட்டாபேஸ் சிதைந்துவிட்டது) என்று சொன்னால் பதற வேண்டாம். புத்தகங்கள் பத்திரமாகத்தான் இருக்கும். கெட்டது அவற்றின் பட்டியல். மறைவாக உள்ள '.கோபோ' ஃபோல்டரில் இருக்கும் கோபோரீடர்.எஸ்கியூலைட் என்ற ஃபைல்தான் அது. விட்ட பக்கம், கலெக்‌ஷன், அடிக்கோடு எல்லாம் அதற்குள்தான். எஜெக்ட் கொடுக்காமல் கேபிளைப் பிடுங்கினால், கணினி இன்னும் எழுதி முடிக்காத பகுதி அந்தரத்தில் நின்றுவிடும்.

1. கேலிபரை மூடுங்கள். '.கோபோ' ஃபோல்டரை முழுதாகக் கணினிக்கு நகலெடுங்கள்.

2. விண்டோஸில் டிரைவின் பிராபர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று போய் எர்ரர் பாருங்கள். மேக்கில் டிஸ்க் யுட்டிலிட்டியின் ஃபர்ஸ்ட் எய்ட். ஃபைல் சிஸ்டமே பழுதென்றால், சரிசெய்த டேட்டாபேஸும் மறுபடி கெடும்.

3. நகலில் இருக்கும் கோபோரீடர்.எஸ்கியூலைட்டை, இத்தகைய டேட்டாபேஸ்களைத் திறக்கும் மென்பொருளான டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்டில் திறந்து இன்டெக்ரிட்டி செக் (சேதம் உண்டா என்று பார்க்கும் சோதனை) ஓட்டுங்கள். கட்டளை வரியைவிடப் புதியவர்களுக்கு இதுவே தோது. 'ஓகே' வந்தால் டேட்டாபேஸ் நலம்; கேபிளையோ யுஎஸ்பி ஹப்பையோ சந்தேகியுங்கள். 'மிஸ்ஸிங் ஃப்ரம் இண்டெக்ஸ்' என்று மட்டும் வந்தால், எக்ஸிக்யூட் எஸ்கியூஎல் பகுதியில் 'ரீஇண்டெக்ஸ்' ஓட்டி ரைட் சேஞ்சஸ் கொடுத்தால் போதும்.

4. வேறு பிழைகள் வந்தால், முதலில் 'புக்மார்க்' டேபிளை சிஎஸ்வியாக (எக்செல் போன்றவற்றில் திறக்கும் ஃபைலாக) எடுத்து வையுங்கள். அடிக்கோடுகளும் குறிப்புகளும் அங்கேதான். பிறகு டேட்டாபேஸ் முழுவதையும் எஸ்கியூஎல் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, புது டேட்டாபேஸில் இம்போர்ட் செய்யுங்கள். அதிலும் இன்டெக்ரிட்டி செக் ஓட்டாமல் நகராதீர்கள்.

5. பலரும் சறுக்குவது இங்கேதான். மூல ஃபைலுக்குப் பக்கத்தில் அதே பெயரோடு டபிள்யூஏஎல், எஸ்எச்எம் என்று முடியும் இரண்டு ஃபைல்கள் இருக்கலாம். முதலாவதில் மூல ஃபைலில் இன்னும் சேராத மாற்றங்கள் இருக்கும். அதனால் நகலெடுக்கும்போது மூன்றும் ஒன்றாக வர வேண்டும். திருப்பி வைக்கும்போது நேர்மாறு: டிபி பிரவுசரை மூடிவிட்டு, கருவியில் இருக்கும் பழைய மூன்றையும் அழித்த பிறகே சரிசெய்ததை அதே பெயரில் வையுங்கள். பழைய டபிள்யூஏஎல் புது டேட்டாபேஸோடு ஜோடி சேர்ந்தால் செய்த வேலை அத்தனையும் பாழ்.

6. எஜெக்ட் கொடுத்து, கணினி சம்மதம் சொன்ன பிறகே கேபிளைக் கழற்றுங்கள்.

எக்ஸ்போர்ட் பாதியில் நின்றால் எஸ்கியூலைட்டின் 'ரெக்கவர்' கட்டளை இருக்கிறது, 3.29 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். அதுவும் கைவிட்டால் டேட்டாபேஸை அழித்துக் கருவியைப் புதிதாக அமைக்கலாம். நீங்களே ஏற்றிய புத்தகங்கள் திரும்பப் பட்டியலில் ஏறும். விட்ட பக்கங்கள் வராது.

மேக் பயனர்களுக்கு ஒன்று: ஃபைண்டரில் இழுத்துப் போட்டால், புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டி ஃபைல்களும் சேர்ந்து போகும். கோபோ அவற்றையும் புத்தகமாக எண்ணித் திணறும். கேலிபர் வழியாக ஏற்றுவதே மேல். அதன் கோபோ யுட்டிலிட்டீஸ் பிளகினில் டேட்டாபேஸ் பேக்கப் வசதியும் உண்டு, இன்றே நிறுவிவிடுங்கள்.