விருதிலிருந்து தொடங்காதீர்கள்: ஆவணப்படக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவணப்படம் எடுக்க வரும் இளைஞர்கள் பலரும் ஆனந்த் பட்வர்தனின் பெயரைச் சொல்கிறார்கள், அவர் வாங்கிய தேசிய விருதுகளைச் சொல்கிறார்கள். அந்த விருதுகளுக்குப் பின்னால் எத்தனை வருடம் போயிருக்கிறது என்பதை மட்டும் கேட்பதில்லை. பெரும்பாலும் தானே கேமராவைப் பிடித்து, தானே எடிட் செய்பவர் அவர். இந்தத் தொழிலில் எங்கெங்கே வழுக்கும் என்று அவருடைய அனுபவத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

முதல் தவறு, திரைப்பட விழாவின் கடைசித் தேதியைப் பார்த்துப் படத்தை முடிப்பது. 1997 ஜூலையில் மும்பை காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைக் கண்டித்துத் திரண்ட தலித் மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். அந்தத் துயரம் தாங்காமல் பாடகர் விலாஸ் கோக்ரே தற்கொலை செய்துகொண்டார். அங்கே தொடங்கிய பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’ ஆவணப்படம் 2011-இல்தான் முடிந்தது. 14 வருடம். வழக்கு நடந்துகொண்டிருந்தது, இயக்கங்கள் உடைந்தன, கூட்டணிகள் மாறின. ஒரே வருடத்தில் முடித்திருந்தால் இதெல்லாம் படத்துக்குள் வந்திருக்காது.

இதே படத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1985-இல் வந்த பட்வர்தனின் ‘பம்பாய் அவர் சிட்டி’ படத்திலேயே கோக்ரே பாடியிருந்தார். அந்தக் காட்சிகள் பின்னாளில் இந்தப் படத்துக்கு உயிர் கொடுத்தன. ஆனால் நம்மில் பலர் படம் வெளியானதும் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்துவிடுகிறோம். தயவுசெய்து வேண்டாம். இரண்டு டிஸ்க்கில் பிரதி வையுங்கள், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். காப்பி ஆன ஃபைல்களைத் திறந்து பார்க்காமல் மெமரி கார்டை அழிக்காதீர்கள்.

எடிட்டிங்கில் நடப்பதுதான் பெரிய தவறு. பின்னணிக் குரலை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதாகக் காட்சி தேடுகிறார்கள். அப்படிச் செய்தால் எடுத்தது என்னவென்றே தெரியாமல் போகும். எல்லா ஃபுட்டேஜையும் ஒருமுறை முழுசாகப் பாருங்கள். பேட்டிகளை வார்த்தை விடாமல் எழுதி, பக்கத்தில் டைம்கோடு, அதாவது அந்த வார்த்தை ஃபுட்டேஜில் எந்த நிமிடம், எந்த நொடியில் வருகிறது என்ற குறிப்பு, போடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் படம் பிறப்பது அங்கேதான்.

பேட்டியை வெட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும். “சம்பளம் வருது, ஆனா மூணு மாசம் தள்ளித்தான் வருது” என்று ஒரு தூய்மைப் பணியாளர் சொல்கிறார் என்று வையுங்கள். “சம்பளம் வருது” என்பதோடு கட் செய்து, மேலே தெரு பெருக்கும் காட்சியை ஒட்டிவிட்டால், பார்ப்பவருக்கு வெட்டியதே தெரியாது. அந்த அம்மாவின் வாயாலேயே ஒரு பொய்யைச் சொல்ல வைத்துவிட்டோம். ரஃப் கட், அதாவது படத்தின் முதல் கட்டத் தொகுப்பு, முடிந்ததும் எழுதி வைத்த பேட்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒலியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பேட்டி முடிந்ததும் அந்த அறையின் மௌனத்தை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டில் வெட்டிய இடத்தை மறைக்க அதுதான் கைகொடுக்கும்.

அப்புறம், விருது வந்தால் படம் தானாக மக்களிடம் போய்விடும் என்ற நம்பிக்கை. ‘ராம் கே நாம்’ தேசிய விருது வாங்கிய படம். அதையே தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்தது, நீதிமன்றம் போய்த்தான் பட்வர்தன் ஒளிபரப்ப வைத்தார். ‘வார் அண்ட் பீஸ்’ படத்தில் சென்சார் போர்டு பல வெட்டுகள் கேட்டது. உயர்நீதிமன்றத்தில் வழக்காடி, ஒரு வெட்டும் இல்லாமல் வெளியிட்டார். இப்படிப் போராட வேண்டி வந்தால் கையில் காகிதம் வேண்டும். பேசியவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், பாட்டுக்கான உரிமை, செய்திக் காட்சிகளுக்கான அனுமதி எல்லாவற்றையும் படப்பிடிப்பு நாட்களிலேயே வாங்கிவிடுங்கள். தேசிய விருதுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் குறிப்பிட்ட ஆண்டுக்குள் சென்சார் சான்றிதழும் வாங்கியிருக்க வேண்டும். டிசம்பரில் ஓடினால் கிடைக்காது.

படத்தை முதலில் யாருக்குப் போட்டுக் காட்டுவது என்பதையும் இப்போதே யோசியுங்கள். ‘ஜெய் பீம் காம்ரேட்’ தலித் மக்கள் வாழும் குடியிருப்புகளிலேயே திரையிடப்பட்டது. உங்கள் படத்தில் பேசியவர்களின் தெருவில் ஒரு புரொஜெக்டரும் வெள்ளைத் துணியும் போதும். அங்கே வரும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு விழாக்களுக்கு அனுப்புங்கள்.