வேலையை ஒப்படைக்கும்போது சிறு முதலாளிகள் செய்யும் தவறுகள்

திருப்பூரில் 20 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளின் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) செய்யும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். நான் நடத்துவது அப்படி ஒன்று என்பதால் இந்த உதாரணம். துணி இறக்குவது, கட்டிங் பார்ப்பது, டெய்லர்களுக்குப் பீஸ் பிரிப்பது, செக்கிங், சலான் (சரக்கோடு வந்து போகும் சீட்டு), சனிக்கிழமை சம்பளம் என எல்லாமே ஓனர் தலையில்தான் இருக்கும். ஆள் போட்ட பிறகும் பாரம் குறையவில்லை என்று பலர் வருந்துகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் வேலையை மட்டும்தான் கொடுத்திருப்பார்கள். முடிவெடுக்கும் உரிமை இன்னும் அவர்களிடமே இருக்கும்.

சூப்பர்வைசர் இருக்கிறார், ஆனாலும் போன் வருகிறது. “ஊசி தீந்துருச்சுங்ண்ணா, வாங்கிக்கட்டுங்களா?” அப்புறம் நூல் கோனுக்கு ஒன்று, மெக்கானிக்கைக் கூப்பிட இன்னொன்று. நீங்கள் பேங்கில் இருந்து போனை எடுக்காவிட்டால் தையல் லைன் நின்றுவிடும். இதற்கு ஒரு வரம்பு சொல்லிவிட வேண்டும்: 2,000 ரூபாய் வரை என்னைக் கேட்க வேண்டாம், வாங்கிவிட்டுச் சாயங்காலம் பில்லைக் காட்டினால் போதும். அப்படிச் சொன்ன பிறகு, “இதை ஏன் அந்தக் கடையில் வாங்கினாய், நாற்பது ரூபாய் அதிகம்” என்று கடிந்துகொள்ளாதீர்கள். நீங்கள் காப்பாற்றப் பார்த்தது நாற்பது ரூபாய். மறுநாளிலிருந்து ஊசிக்கும் போன் வரத் தொடங்கிவிடும்.

அடுத்த தவறில் நானே பணம் இழந்திருக்கிறேன். நேவி ப்ளூ டி-ஷர்ட், 600 பீஸ். துணி டையிங்கிலிருந்து இரண்டு லாட்டாக, அதாவது இரண்டு தடவையாகச் சாயம் ஏற்றப்பட்டு வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஒரே நிறம்தான், சேர்த்துத் தைத்தால்தான் வித்தியாசம் தெரியும். அதுவரை கட்டிங்கின்போது நானே பக்கத்தில் நின்று லாட்டைப் பிரித்துவிடுவேன். பழகிப்போன வேலை என்பதால் அது ஒரு தனி வேலை என்றே எனக்குத் தோன்றியதில்லை. அந்த வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தது. கட்டிங் மாஸ்டரிடம் சைஸ் ரேஷியோவை (எந்த சைஸில் எத்தனை பீஸ் என்ற விகிதத்தை) மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். லாட் நம்பர் எழுதியிருந்த சலான் என் டிராயரில் இருந்தது, ரோல்களோ ஒன்றாக அடுக்கியிருந்தன. பாடி ஒரு லாட், கை இன்னொரு லாட் என்று வெட்டப்பட்டு, தைத்து, செக்கிங் டேபிளுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மாஸ்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டிய விஷயத்தை நான்தான் சொல்லவில்லை.

நமக்குப் பழகிப்போன வேலைகளில் இப்படிச் சொல்லாமல் விட்டுப்போவது நிறைய இருக்கும். அதனால் ஒப்படைப்பதற்கு முன் ஒரு முறையாவது அந்த வேலையை அவர் பக்கத்தில் நின்று செய்யுங்கள், அடுத்த முறை அவர் செய்ய நீங்கள் பாருங்கள். எங்கள் கட்டிங் டேபிளுக்கு மேலே இப்போது ஓர் அட்டை தொங்குகிறது. லாட் பிரித்தாயிற்றா? ஜிஎஸ்எம் பார்த்தாயிற்றா? (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். ரவுண்ட் கட்டரில் வெட்டிய 100 சதுர செ.மீ. வட்டம் 1.8 கிராம் இருந்தால் 180 ஜிஎஸ்எம்.) ரோலைப் பிரித்துப் போட்டுத் துணியை ஆற விட்டாயிற்றா? இழுத்துச் சுற்றிய பின்னல் துணியை உடனே வெட்டினால், பிறகு அது சுருங்கி அளவு குறைந்துவிடும். மூன்றே வரிதான். ஆனால் அவை என் தலையில் மட்டும் இருந்த காலத்தில் நான் யூனிட்டை விட்டு நகர முடியவில்லை.

நன்றாகத் தைப்பவரை உடனே சூப்பர்வைசர் ஆக்குவதிலும் கவனம் வேண்டும். பீஸ் ரேட்டில் வேகமாகத் தைக்கும் ஓர் அக்காவுக்கு வாரக் கடைசியில் நல்ல தொகை கையில் வரும். அவரை மாதச் சம்பளத்துக்கு மாற்றினால் வருமானம் குறையலாம். கூடவே நேற்றுவரை பக்கத்து மெஷினில் இருந்தவர்களை வேலை வாங்கும் சங்கடமும் சேரும். அவருக்குப் பிடிக்கிறதா என்று முதலில் கேளுங்கள், சம்பளத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சரி என்றால் ஒரு லைனை மட்டும் கொடுத்துப் பாருங்கள். நம்பிக்கையான ஆள் என்பதற்காகச் செக்கிங், பேக்கிங், சலான் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டால், அவர் ஒரு வாரம் லீவு போட்டாலே யூனிட் நின்றுவிடும்.

சூப்பர்வைசர் வந்த பிறகு, அவரைத் தாண்டி டெய்லரிடம் நேராகப் போய், “இதை வை, அதை முதலில் தை” என்று சொல்லாதீர்கள். சரக்கு கப்பலேறும் தேதி நெருங்கும்போது வாய் வரைக்கும் வரும், எனக்குத் தெரியும். இரண்டு முறை அப்படி நடந்தால் போதும், அதன்பின் யாரும் அவர் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

ஒப்படைத்த பிறகும் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. ஜிஎஸ்டி அதில் முக்கியம். கணக்கு பார்ப்பவரே ரிட்டர்ன் போடட்டும், தவறில்லை. ஆனால் சட்டப்படி பொறுப்பு பதிவு செய்தவருடையது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், 3பி (வரி கட்டும் சுருக்க ரிட்டர்ன்) 20-ஆம் தேதிக்குள். 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், வரி பாக்கி இருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. பதிவில் இருக்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று இன்றே பாருங்கள். பல இடங்களில் அது கணக்கு பார்ப்பவரின் எண்ணாகவே இருக்கிறது. நோட்டீஸ் வந்தாலும் அவருக்குத்தான் போகும், அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் ஓடிபி-க்கு அவரைத் தேடி அலைய வேண்டும். ஊருக்குப் போகும் அவசரத்தில் தொகை எழுதாத காசோலைகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவதும் வேண்டாம். எவ்வளவு நெருக்கமான ஆளாக இருந்தாலும் சரி.