துறைப் பக்கம் உங்கள் தலையில் விழுந்தால்

வேலூரில் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆய்வகத்தில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று துறையின் இணையப் பக்கத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் கணினியைத் தொடாதீர்கள். எந்தத் தகவல் எப்போது பழசாகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். துறை வரலாறு அப்படியே கிடக்கும். ஆசிரியர் பட்டியல் ஜூனில் மாறும். தேர்வு அட்டவணைக்கு ஆயுள் சில வாரம்தான். இவற்றை ஒரே பக்கத்தில் கலக்க வேண்டாம். அஞ்சல் முகவரி ஒரே இடத்தில் இருக்கட்டும், மற்ற பக்கங்களிலிருந்து லிங்க் போதும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, திருப்பத்தூர் பக்கம் வேலை பார்க்கும் என் நண்பர் 17 பக்கங்களில் மாவட்டப் பெயரைத் தேடித் தேடி மாற்றினார். ஒன்றில் 'வட ஆற்காடு' என்றே இருந்ததாம். அது 1989-இலேயே பிரிந்த மாவட்டம்!

ஃபைல் பெயருக்குச் சின்ன ஆங்கில எழுத்து, எண், நடுவில் சிறு கோடு போதும். இடைவெளி கூடாது. விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான், லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு. என் கணினியில் ஜம்மென்று தெரிந்த குழுப் படம் சர்வரில் ஏற்றியதும் காணோம். அரை நாள் தேடிய பிறகுதான் பார்த்தேன், ஃபைல் பெயரின் கடைசியில் வரும் 'ஜேபிஜி'யைக் கேமரா பெரிய எழுத்தில் வைத்திருந்தது. வைத்த பெயரை அப்புறம் மாற்றவும் மாற்றாதீர்கள், அந்த லிங்க் ஏற்கெனவே வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கும்.

தமிழ்த் துறைக் கட்டுரைகள் எனக்குப் பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில்தான் வரும். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாற்றுங்கள், பக்கத்தின் ஹெச்டிஎம்எல் தலைப்பகுதியில் அதன் குறியீட்டு முறை யூடிஎஃப்-8 என்று குறியுங்கள். மாற்றியபின் கொ, கோ, ஸ்ரீ வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள், அங்கேதான் உடையும்.

அறிவிப்பை ஸ்கேன் எடுத்துப் படமாகப் போடுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தேடினால் சிக்காது, பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டவும் தடுமாறும். முதல்வர் கையெழுத்து தெரிய வேண்டும் என்பார்கள். சரி, ஸ்கேனும் இருக்கட்டும், அதன் மேலே விஷயத்தை நாலு வரி தட்டச்சு செய்துவிடுங்கள்.

போனில் எடுத்த படம் 4 எம்பி இருக்கும். 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள். பிறகு காட்பாடி–பாகாயம் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திறந்து பாருங்கள். மாணவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

மாதம் ஒருமுறை எல்லா லிங்கையும் அழுத்திப் பாருங்கள். திருத்துவதற்கு முன் பழையதை நகலெடுங்கள். அடியில் திருத்திய தேதியும் பொறுப்பாளரின் பதவியும் போதும், பெயர் வேண்டாம்.

எங்கள் பழைய பக்கத்தைச் செய்தது ஓர் இறுதியாண்டு மாணவன். அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான், பாஸ்வேர்டும் கூடவே போனது. இப்போதைய பாஸ்வேர்டு கவரில் ஒட்டித் துறை பீரோவில் இருக்கிறது. சாவி ஆபீஸ் அக்காவிடம்.