வழக்குக்குள் வந்துவிட்ட செல்போன்: வக்கீலும் கட்சிக்காரரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருஷம் ஒரு அம்மா என் ஆபீசுக்கு வந்தார். சொந்தக்காரப் பையனுக்கு நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்திருக்கிறார். புரோநோட்டு எழுதி வாங்கவில்லை. "ஆனா வாட்ஸ்அப்ல ஒத்துக்கிட்டிருக்கான் சார்" என்று துணிக்கடைக் கவரிலிருந்து ஆறு கலர் பிரிண்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். 'அக்கா, தை பொறந்ததும் மொத்தமா தந்துடறேன்' என்று தெளிவாகவே இருந்தது. போன் எங்கே என்று கேட்டேன். தீபாவளி எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கியாயிற்று. பேக்கப்பும் இல்லை. அந்த ஆறு தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

இன்று சிவில், கிரிமினல், குடும்ப நல வழக்கு எதை எடுத்தாலும் பாதிச் சாட்சியம் போனுக்குள்தான் இருக்கிறது. அதைக் கையாளுவதில்தான் தவறுகளும் அதிகம். அதனால் அதையே முதலில் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் இருந்தால் போதும் என்று நினைப்பது முதல் தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம், அதன் 63ஆவது பிரிவில், மின்னணு ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்யும்போதெல்லாம் கூடவே ஒரு சான்றிதழும் வேண்டும் என்கிறது. அதற்கு இரண்டு பகுதிகள். பார்ட் ஏ, ஆவணத்தைத் தாக்கல் செய்பவர் கொடுப்பது. பார்ட் பி, நிபுணர் கொடுப்பது. போனின் கம்பெனி, மாடல், நிறம், அதன் அடையாள எண்ணான ஐஎம்இஐ வரை அதில் எழுத வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மொத்தமாக வேறாகிவிடும். போனே கைவிட்டுப் போன பிறகு இதையெல்லாம் எதைப் பார்த்து நிரப்புவது?

இதில் வக்கீல்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் மாடல் ஒன்று எல்லார் கம்ப்யூட்டரிலும் கிடக்கிறது. ஜூனியர் அதையே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிடுகிறார். 2024 ஜூலை 1க்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டம்தான், சரி. அதற்குப் பிறகு போட்ட வழக்குக்குப் புதிய படிவம் வேண்டும்.

சான்றிதழ் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மகாராஷ்டிராவின் ஜால்னா தொகுதி வழக்கைச் சொல்லலாம். 2014 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் வெறும் 296 ஓட்டு. ஜெயித்தவரின் வேட்புமனு மதியம் 3 மணிக் கெடுவுக்குப் பிறகுதான் தாக்கலானது என்பது தோற்றவரின் வாதம். அதைக் காட்டும் வீடியோ தேர்தல் அதிகாரியின் அலுவலகத்திலேயே பதிவாகியிருந்தது. ஆனால் பலமுறை எழுதிக் கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம், வாய்மொழிச் சாட்சியம் அதற்கு ஈடாகாது. மூலக் கருவியையே அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறிக் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை. சான்றிதழ் தர வேண்டியவர் மறுத்தால் நீதிமன்றத்தில் மனு போட்டு வரவழைக்கலாம். ஜால்னாவில் தோற்றவர் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டார், முடியாததைச் செய் என்று சட்டம் யாரையும் கேட்காது என்பதோடு, வீடியோவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் மற்றச் சாட்சியங்கள் போதுமானவையாக இருந்தன. வழக்கில் அவர்தான் ஜெயித்தார். அவர் எழுதிக் கேட்ட கடிதங்களை எல்லாம் பத்திரமாக வைத்திருந்ததைத்தான் நான் கட்சிக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஆகவே, தகராறு என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். போட்டோவையோ ஆடியோவையோ வக்கீலுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த தேதி நேரமும் கோப்பிலிருந்து போய்விடும். சிசிடிவி என்றால் அன்றைக்கே ஓடுங்கள். பெரும்பாலான டிவிஆர்கள் (பதிவுக் கருவிகள்) சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். கடைக்காரருக்கு எழுத்து மூலம் ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

அப்புறம் ஏஐ விஷயம். 2023இல் நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கு ஒன்று. விமானத்தில் உணவு வண்டி இடித்து முழங்காலில் அடிபட்டதாகப் பயணி ஒருவர் போட்டது. அவருடைய வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை மனுவில் சேர்த்தார்கள். அவற்றில் ஆறு தீர்ப்புகள் உலகத்திலேயே கிடையாது. இது நிஜ வழக்குதானா என்று அதே சாட்ஜிபிடியிடம் கேட்டிருக்கிறார்கள், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். நம் நாட்டிலும் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய தன் ஆணையையே திரும்பப் பெற வேண்டி வந்தது.

ஏஐயைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. நீளமான ஆவணத்தைச் சுருக்க, தேதிவாரியாக அடுக்க நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் சைட்டேஷனை, அதாவது தீர்ப்பு மேற்கோளை, அது கொடுத்தபடியே மனுவில் ஏற்றக் கூடாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கே தேடி, நீங்கள் சொல்லும் பத்தி அந்தத் தீர்ப்பில் இருக்கிறதா என்று கண்ணால் படித்த பிறகுதான் கையெழுத்து. கட்சிக்காரரின் விவாகரத்துக் கதையையும் மருத்துவ ரிப்போர்ட்டையும் பெயரோடு அப்படியே இலவச ஏஐக்குள் ஒட்டுவதும் பெரிய தவறு. நம்மை நம்பிச் சொன்ன ரகசியம் அது.

மெஷின் மொழிபெயர்ப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். உச்ச நீதிமன்றம் 2019இல் சுவாஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. தமிழில் தீர்ப்பு படிக்கக் கிடைப்பது நல்ல விஷயம். ஆனால் மேல்முறையீட்டுக்கு அனுமதி என்ற பொருளில் வரும் 'லீவ் கிராண்டட்' என்ற சொல், லீவு கொடுக்கப்பட்டது என்கிற மாதிரி இந்தியில் வந்ததை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த பி.ஆர். கவாய் மேடையிலேயே சொல்லியிருக்கிறார். அதிகாரபூர்வமானது ஆங்கில மூலம்தான்.

இ-ஃபைலிங்கில், அதாவது ஆன்லைனில் மனு தாக்கல் செய்வதில், பெரிய ரகசியம் ஏதுமில்லை. சாய்ந்த, மங்கலான ஸ்கேன், பக்க எண் விட்டுப்போவது, கடைசி நாள் இரவில் உட்காருவது, இந்த மூன்றால்தான் பேப்பர் ரிட்டர்ன் ஆகிறது, அதாவது மனு திரும்பி வருகிறது. காலாவதிக்கு ஒரு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் ஆப்பில் பார்ப்பது வசதிதான். ஆனால் அன்றைய பதிவு ஏறியிருக்காவிட்டால் பழைய தேதியே நிற்கும், நாம் போகாமல் எக்ஸ்பார்ட்டி, அதாவது நாம் இல்லாமலேயே ஆணை, ஆகிவிடும். குமாஸ்தாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, பயந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிடுவது. வீடியோ காலில் போலீஸ், கோர்ட் என்று மிரட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. 2024இல் பஞ்சாபின் பெரிய தொழிலதிபர் ஒருவர், வீடியோ காலில் நடத்திக் காட்டிய போலி உச்ச நீதிமன்ற விசாரணையை நம்பி 7 கோடி ரூபாய் இழந்தார். போலீஸ் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறைப்படி சார்வு செய்ததாக (கொடுத்ததாக) ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே போலீசுக்குச் சொல்லியிருக்கிறது. சம்மன் என்று எது வந்தாலும் அதில் வழக்கின் தனி அடையாள எண்ணான சிஎன்ஆர் எண் இருக்கிறதா பாருங்கள். எழுத்தும் எண்ணுமாக 16 இடம் இருக்கும். அதை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் உண்மையான வழக்கு என்றால் கோர்ட்டின் பெயரும் அடுத்த வாய்தாவும் வரும். ஒன்றும் வராமல், எதிர்முனையில் இருப்பவர் போனை வைக்காதே என்று மிரட்டினால், உடனே துண்டித்துவிட்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.