பழைய கார்பன் சக்கரத்தை நம்பி ஏறலாமா? கழற்றிப் பார்த்துச் சோதிக்கும் முறை

சைக்கிளின் கார்பன் சக்கரத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. 15 வருடம் பரணில் சும்மா கிடந்த ஜோடி இன்னும் நன்றாக இருக்கலாம். போன வருடம் வாங்கிய ஜோடி, மலையிறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கியதில் உள்ளுக்குள் வெந்து போயிருக்கலாம். ‘எத்தனை வருடப் பழசு’ என்று கேட்பதில் பயனில்லை, ‘என்னென்ன பட்டிருக்கிறது’ என்று கேளுங்கள்.

கார்பன் இழை சுலபத்தில் தளராது. முதலில் கெடுவது இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் எபாக்ஸி பிசின். சூடும் அடியும் அதைக் கெடுக்கும். இவை போக, அலுமினியம் கார்பனைத் தொடும் இடங்களில் அரிப்பு வரும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த மூன்றின் தடயத்தைத் தேடுபவைதான். அலுமினிய ரிம் (சக்கரத்தின் வெளிவளையம்) என்றால் முதலில் வளைந்தோ நெளிந்தோ எச்சரித்துவிடும். கார்பன் ரிம் பெரும்பாலும் உடையும் நிமிடம் வரை நேராகவே ஓடும். அதனால் ‘கோட்டம் இல்லை, அப்போ நல்லாத்தான் இருக்கு’ என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

முதலில், கையில் இருப்பது எந்த வகை?

முழுக் கார்பன் கிளிஞ்சர் (உள்ளே டியூப் வைத்து, டயரை ரிம் விளிம்பில் மாட்டுவது), டூபுலர் (டியூபை உள்ளே வைத்துத் தைத்த டயரை ரிம்மில் பசையால் ஒட்டுவது), அலுமினிய ரிம்மின் மேல் கார்பன் உறை போட்டது, ஸ்போக்கே கார்பனில் செய்தது என்று நான்கு வகை பழசாகக் கிடைக்கும். உறை போட்ட வகைகள் பலவற்றில் பாரம் தாங்குவது அலுமினியம், கார்பன் வெறும் காற்றுத் தடையைக் குறைக்கும் மூடி. அங்கே உறையில் விரிசல் விட்டால் பெரிய ஆபத்தில்லை. முழுக் கார்பனில் அதே விரிசல் சக்கரத்தையே முடித்துவிடும்.

மாடல் பெயரைக் கண்டுபிடித்து, நிறுவனம் எப்போதாவது திரும்பப் பெற்றதா என்று தேடுங்கள். மாவிக் ஆர்-சிஸ் முன் சக்கரம் 2009இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் கார்பன் குழாய் ஸ்போக்குகள் உடையக்கூடியவை. 1990களின் ஸ்பினர்ஜி ரெவ்-எக்ஸ் மாதிரி கார்பன் பட்டை ஸ்போக் சக்கரங்களை அலங்காரமாகச் சுவரில் மாட்டலாம், ஏறி ஓட்ட வேண்டாம். ஒரு பட்டை பிரிந்தாலும் மற்றவை அதை ஈடுகட்டாது.

தேவையானவை

ஒரு நாணயம், டார்ச், வெள்ளைப் பருத்தித் துணி, பஞ்சு, ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஸ்டீல் ஸ்கேல், வெர்னியர் காலிப்பர், மாஸ்கிங் டேப், மெல்லிய கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. காலிப்பர் மலிவான டிஜிட்டல் வகையே போதும். ஸ்போக் இழுவிசை மீட்டருக்கு பார்க் டூல் டிஎம்-1 போதும், அதைவிட விலையுயர்ந்தது இந்த வேலைக்கு வேண்டாம். டயர் லீவர் பிளாஸ்டிக்கில் மட்டும் இருக்கட்டும். இரும்பு லீவரால் ரிம்மின் கொக்கி விளிம்பு சிதைந்துபோன பழைய சக்கரங்கள் ஏராளம்.

படி 1: முழுக்கக் கழற்றுங்கள்

டயர், டியூப், ரிம் டேப் (ரிம்முக்குள் ஸ்போக் துளைகளை மூடும் பட்டை) மூன்றும் வெளியே வர வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். தின்னர், அசிட்டோன் பக்கம் போகாதீர்கள், மேல்பூச்சைத் தின்றுவிடும்.

இப்போது சக்கரத்தைக் காதருகே பிடித்து மெல்லச் சுற்றுங்கள். சளசள என்றால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. வால்வு துளை கீழே இருக்கும்படி ஒரு நாள் தொங்கவிடுங்கள். கடகட என்றால் உதிர்ந்த பிசின் துண்டாக இருக்கலாம், உடைந்த நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சிறு திருகு) தலையாகவும் இருக்கலாம். வால்வு துளை வழியாகத் தட்டி வெளியே எடுத்துப் பாருங்கள். பிசின் என்றால் பெரும்பாலும் தயாரிப்பில் மிஞ்சியது. நிப்பிள் தலை என்றால் படி 5ஐ இருமடங்கு கவனமாகச் செய்யுங்கள்.

படி 2: கண்ணும் பஞ்சும்

டார்ச்சை ரிம்முக்குப் பக்கவாட்டில், தரையோடு தரையாகப் படுக்கவைத்த மாதிரிப் பிடியுங்கள். நேராக அடித்தால் எதுவும் தெரியாது. சாய்ந்த ஒளியில் மேடு பள்ளம் நிழலாக விழும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: பிரேக் பிடிக்கும் பக்கம், டயர் உட்காரும் கொக்கி விளிம்பு, ஒவ்வொரு ஸ்போக் துளை, வால்வு துளை. ஸ்போக் துளையிலிருந்து கதிர்போலக் கிளம்பும் கோடும், துளையைச் சுற்றி லேசாக எழும்பிய மேடும் மோசமான அறிகுறிகள். நிப்பிள் ரிம்மைப் பிய்த்துக்கொண்டு வரத் தொடங்கிவிட்டது என்று பொருள். கொக்கி விளிம்பில் பஞ்சை மெல்ல இழுத்துச் செல்லுங்கள். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே இழை அறுந்திருக்கிறது. வெறும் விரலால் தடவாதீர்கள், கார்பன் சிலாம்பு தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

ஒரு கோடு தெரிந்தால் அது பூச்சில் மட்டுமா, கார்பனிலா? அந்த இடத்தில் ஆல்கஹால் நான்கு சொட்டு விட்டு, பத்து விநாடி கழித்து உலர்ந்த துணியால் ஒரே இழுப்பில் துடையுங்கள். சுற்றிலும் உடனே காய்ந்துவிடும். விரிசல் ஆழமானது என்றால் உள்ளே புகுந்த ஆல்கஹால் வெளியே கசிந்து, மெல்லிய ஈரக் கோடு சில விநாடி தனியே நிற்கும். இது பென்சில் கோட்டைவிட மெலிதாக இருக்கும், கண்ணை எடுக்காமல் பாருங்கள். ஈரம் நிற்காமல் எல்லா இடமும் ஒன்றாகக் காய்ந்தால் மேல்பூச்சு மட்டும் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். முடிவு எதுவானாலும் அந்த இடத்தில் டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

பிரேக் பக்கத்தில் வேறு இரண்டு தடயங்கள் உண்டு. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காக வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். நடுவில் ஒளி கசிந்தால் தேய்ந்து குழிந்திருக்கிறது. குழிவு ஆழமாகி, வரைபடத்து உயரக் கோடுகள் மாதிரி வளைவு வளைவாக அடுக்குகள் வெளிப்பட்டிருந்தால் மேல் அடுக்கு போய்விட்டது, அந்த ரிம் முடிந்தது. இரண்டாவது தடயம் சூடு: பழுப்பு நிறம், கொப்புளம், அலை அலையான மேற்பரப்பு.

ஏன் அவ்வளவு சூடு என்று ஒரு கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, இறக்கம் 300 மீட்டர் உயரம் என்றால் கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 250 கிலோஜூல். மெதுவாக, பிரேக்கைத் தேய்த்தபடி இறங்கினால் காற்று அதில் பங்கு வாங்காது, பெரும்பகுதி இரண்டு ரிம்களில்தான் இறங்கும். அலுமினியம் அதை ரிம் முழுக்கப் பரப்பிவிடும். கார்பன் அடுக்குகளின் குறுக்கே வெப்பம் கடப்பது அதைவிட நூறு மடங்குக்கு மேல் மந்தம். அதனால் பிரேக் தொடும் பட்டையிலேயே சூடு தேங்கும். பிசின் இளகும் வெப்பநிலையை எட்டிவிட்டால், டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் ரிம் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளிவிடும். கிளிஞ்சரில் இது சகஜம். டூபுலர் டயரின் அழுத்தம் சுவரைத் தள்ளாது என்பதால் அங்கே குறைவு, ஆனால் சூட்டில் பசை இளகி டயர் நகரும் ஆபத்து அங்கே உண்டு.

படி 3: நாணயத் தட்டல்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், அதனால் நிதானமாகச் செய்யுங்கள்.

டயரோடு தட்டினால் ரப்பர் சத்தத்தை விழுங்கிவிடும், எல்லா இடமும் ‘டொக்’ என்றே கேட்கும். நல்ல ரிம்மைக் கெட்டது என்பீர்கள், கெட்டதை நல்லது என்பீர்கள். ரிம் டேப்கூட இருக்கக் கூடாது. சக்கரத்தை மடியில் வைக்காமல் அச்சைப் பிடித்துத் தொங்கவிடுங்கள், அல்லது சைக்கிளில் மாட்டுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

நாணயத்தின் விளிம்பால், இரண்டு விரலில் தளர்வாகப் பிடித்து, 1 செ.மீ. இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். ஓங்கித் தட்ட வேண்டாம். நல்ல இடம் ‘டிக் டிக்’ என்று கூராக ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடம் ‘தப்’ என்று மந்தமாக, அட்டையைத் தட்டியது போல இருக்கும்.

ஆனால் ரிம் முழுக்க ஒரே சத்தம் கேட்காது, கேட்கவும் கூடாது. ஸ்போக் துளையருகே, வால்வு அருகே, ரிம்மை மூட்டிய இடத்தில் கார்பன் தடித்திருக்கும், சத்தம் மாறும். அகன்ற பக்கச் சுவர் மெலிதானதால் உள்ளீடற்ற ஒலி தரும், பிரேக் பட்டை தடித்ததால் கனத்து ஒலிக்கும். ஆகவே ஒப்பிடும் முறை இது: ஓரிடத்தில் சத்தம் மாறினால், அதே உயரத்தில் ரிம்மின் மறுபக்கத்தைத் தட்டுங்கள். பிறகு அடுத்த ஸ்போக் இடைவெளியில் அதே புள்ளியைத் தட்டுங்கள். மூன்றிலும் அதே மாற்றம் இருந்தால் அது அமைப்பு. ஒரே ஓரிடத்தில் மட்டும் மந்தமாக இருந்தால் அது பழுது. அதன் எல்லையை டேப்பால் வளைத்துக் குறியுங்கள். படி 2இல் ஒட்டிய டேப்பும் இந்த எல்லையும் ஒரே இடத்தில் விழுந்தால் மேற்கொண்டு யோசிக்க எதுவும் இல்லை.

சின்ன உதவி: ஃபோனில் ஒலியைப் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள். தட்டும்போது தவறவிட்டது அதில் பிடிபடும்.

படி 4: அகலம் அளத்தல்

ரிம்மைச் சுற்றி 12 இடங்களில் பிரேக் பட்டையின் வெளி அகலத்தை அளந்து எழுதுங்கள். ஓரிடத்தில் மட்டும் 0.3 மி.மீ.க்கு மேல் அகன்றிருந்தால் நான் அந்த ரிம்மை நம்பமாட்டேன். ஓட்டும்போது பிரேக் பிடித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு வந்தால் காரணம் பெரும்பாலும் இந்தப் புடைப்புதான்.

முதல் மூன்று படிகளும் தேறினால் மட்டும் டயரை மாட்டி, கண்ணாடி அணிந்து, ஓட்டப் போகும் அழுத்தத்தில் பாதி காற்றடித்து அதே 12 இடங்களை அளக்கவும். பிறகு முழு அழுத்தம், மறுபடி அளவு. எல்லா இடமும் ஒரே சீராகச் சிறிது விரிந்தால் இயல்பு. ஓரிடம் மட்டும் முந்திக்கொண்டு விரிந்தால் உடனே காற்றை இறக்கிவிடுங்கள்.

படி 5: நிப்பிள், ஸ்போக், ஹப்

அலுமினிய நிப்பிளும் கார்பனும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் கரையும், வியர்வை உப்பு சேர்ந்தால் இன்னும் வேகமாக. நிப்பிள் அடியில் வெள்ளைப் பொடி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் ஒன்றிரண்டை மாற்றாமல் மொத்தத்தையும் பித்தளை நிப்பிளாக மாற்றுங்கள். எடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பழைய கார்பன் ரிம்மில் அலுமினிய நிப்பிள் போடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. கார்பன் ரிம்மில் அலுமினியப் பிரேக் பட்டை ஒட்டிய வகையில் அந்த ஒட்டுக் கோட்டிலும் இதே பொடி வரும். நகம் நுழையும் இடைவெளி இருந்தால் அந்தச் சக்கரம் வேண்டாம்.

இழுவிசையை டயர் இல்லாமல் அளக்கவும், காற்றடித்த டயர் இழுவிசையைக் குறைத்துக் காட்டும். பின் சக்கரத்தில் செயின் பக்கம் பொதுவாக 100 முதல் 120 கிலோ இருக்கும். ரிம் நிறுவனம் சொன்ன உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். ஒரே பக்கத்து ஸ்போக்குகள் சராசரியிலிருந்து 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். சரிசெய்த பிறகும் பக்கத்துப் பக்கத்து இரண்டு மூன்று ஸ்போக் திரும்பத் திரும்பத் தளர்ந்தால் குற்றம் ஸ்போக்கில் இல்லை, அந்த இடத்தில் ரிம் அடித்தளம் விட்டுக்கொடுக்கிறது. ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளையில்) ஸ்போக் மாட்டும் காது விரிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 6: தேறிய சக்கரத்தை மாட்டும்போது

பிரேக் கட்டை கார்பனுக்கென்றே செய்ததாக, புதியதாக இருக்க வேண்டும். அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையில் உலோகத் துகள் பதிந்திருக்கும், அது கார்பனை உளி போலச் சீவும். லேடெக்ஸ் டியூப் வேண்டாம், பியூட்டைல் (வழக்கமான கறுப்பு ரப்பர் டியூப்) போடுங்கள். ரிம்முக்கும் டயருக்கும் சொன்ன உச்ச அழுத்தங்களில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை. அந்த எல்லை வரை அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பழைய ரிம்களின் உள் அகலம் 13 முதல் 15 மி.மீ. தான், 23 அல்லது 25 மி.மீ. டயர் போதும்.

டூபுலர் என்றால் காற்றை இறக்கிவிட்டு, கட்டைவிரலால் டயரை ஓரமாகத் தள்ளுங்கள். எங்காவது ரிம்மை விட்டு எழும்பினால் பழைய பசையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். மேலே இன்னொரு பூச்சு பூசி ஒப்பேற்ற வேண்டாம்.

முதல் 30 கி.மீ. சமதளத்தில் ஓட்டி, வந்ததும் அகலத்தையும் ஸ்போக் துளைகளையும் மறுபடி பாருங்கள். இறக்கத்தில் விட்டு விட்டு அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள், தொடர்ந்து தேய்க்காதீர்கள். நீளமான, செங்குத்தான இறக்கம் உள்ள பாதைக்குப் பழைய கார்பன் கிளிஞ்சரைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பிற்சேர்க்கை

*டியூப்லெஸ்ஸாக மாற்றலாமா?* கூடாது. அதற்கென்று செய்யப்படாத பழைய ரிம்மில் டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடை இல்லை, டேப் ஒட்டினால் மட்டும் அது வந்துவிடாது.

*டிஸ்க் பிரேக் சக்கரம் என்றால்?* ரிம்மில் பிரேக் சூடு இல்லை, அதனால் பிரேக் பட்டைச் சோதனையை விட்டுவிடலாம். கொக்கி விளிம்பும் ஸ்போக் துளைகளும் இன்னும் கவனமாக. குழியில் இறங்கிய அடியெல்லாம் அங்கேதான் பதியும்.

*ஒரே ஓர் இடத்தில் மட்டும் சந்தேகம், ரிப்பேர் செய்யலாமா?* பிரேக் பட்டையிலோ கொக்கி விளிம்பிலோ ஸ்போக் துளையிலோ என்றால் வேண்டாம். பக்கச் சுவரில் என்றால், அல்ட்ராசவுண்ட் கருவி வைத்திருக்கும் கார்பன் ரிப்பேர்காரரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அதுவும் பின் சக்கரத்துக்கு மட்டும். முன் சக்கரத்தில் சந்தேகம் என்றாலே கழித்துவிடுங்கள், அது உடைந்தால் சமாளிக்க அவகாசம் கிடைக்காது.

கழித்த ரிம்மை அப்படியே குப்பையில் போடாதீர்கள். யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். முகமூடி, கையுறை போட்டு, வெட்டும் இடத்தை நனைத்துக்கொண்டு, ரம்பத்தால் இரண்டு இடத்தில் அறுத்துவிட்டுப் போடுங்கள்.